கெட்டிக்காரப் பிள்ளைக்கு எதற்குக் கூடுதல் நேரம்?

என் அக்கா மகன் பத்தாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வில் எழுதிய சமூக அறிவியல் விடைத்தாள் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரே பக்கத்தில் ‘வேற்றுமை’ என்ற சொல் மூன்று இடங்களில் வருகிறது. முதலில் ‘வேட்றுமை’, அடுத்து ‘வெற்றுமை’, கடைசியில் சரியாக ‘வேற்றுமை’. ஒரு சொல்லைத் தப்பாகக் கற்றுக்கொண்டவன் மூன்று இடத்திலும் ஒரே மாதிரித் தப்பாக எழுதுவான். இவன் மூன்று விதமாக எழுதியிருந்தான். மூன்றும் வேறுவேறாக இருப்பது அவன் கண்ணில் படவே இல்லை. ஓரத்தில் சிவப்பு மையில் ‘அலட்சியம்’ என்று எழுதி, கீழே இரண்டு கோடு வேறு போட்டிருந்தார்கள். அன்று சாயங்காலம் அதே கேள்வியைத் திண்ணையில் உட்கார வைத்துக் கேட்டேன். கால் மணி நேரம் நிறுத்தாமல் சொன்னான், பாடப்புத்தகத்தில் இல்லாத உதாரணம் ஒன்றையும் சேர்த்து. “எல்லாம் தெரியுது மாமா, எழுதினா வர மாட்டேங்குது.”

கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கலாமே என்றேன். வீடு இரண்டு கட்சி ஆகிவிட்டது. “இவ்வளவு பேசுறவனுக்குக் குறைபாடா? சோம்பேறித்தனத்துக்கு இங்கிலீஷ்ல ஒரு பேரா?” என்றார் அத்தான். “அவன் படுற பாட்டை நான்தானே பாக்கறேன்” என்றாள் அக்கா.

இந்த இரண்டு கட்சியும் அமெரிக்க நீதிமன்றங்களில் ஏறக்குறைய முப்பது வருடமாக வாதாடிக்கொண்டிருக்கின்றன. நன்றாகப் படிக்கும், புத்திசாலி என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒரு மாணவருக்கு ‘கற்றல் குறைபாடு’ என்று சான்று கொடுத்து, தேர்வில் ஒன்றரை மடங்கு நேரம் கொடுப்பது நியாயமா? இந்தக் கேள்வி முழு உருவம் எடுத்தது அங்கேதான் என்பதால் கதையை அங்கிருந்து சொல்கிறேன்.

பெர்சி, வயது 14

கற்றல் குறைபாட்டை அறிவுத்திறன் குறைவோடு போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கண்ணும் காதும் நன்றாக இருக்கும். பிள்ளை ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போயிருக்கும். மற்ற விஷயங்களில் வயதுக்கேற்ற புத்தியும் இருக்கும். வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் ஏதோ ஒன்று மட்டும் முரண்டு பிடிக்கும். வாசிப்பில் என்றால் டிஸ்லெக்ஸியா, எழுதுவதில் என்றால் டிஸ்கிராஃபியா, கணக்கில் என்றால் டிஸ்கால்குலியா. கவனம் ஓரிடத்தில் நிற்காத ஏ.டி.எச்.டி. வேறு வகை. ஆனால் தேர்வுக்கூடத்தில் கேட்கிற உதவி பெரும்பாலும் ஒன்றாக இருப்பதால், விவாதத்தில் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள்.

இது புதுசாக வந்த நாகரிக வியாதி என்று நினைப்பவர்களுக்கு 1896-ஐக் காட்டலாம். அந்த வருடம் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியிலுள்ள சீஃபோர்ட் ஊரைச் சேர்ந்த பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர், ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் பெர்சி என்ற 14 வயதுப் பையனைப் பற்றி எழுதினார். சுறுசுறுப்பான பையன், விளையாட்டில் கெட்டி, வயதொத்தவர்களுக்கு எதிலும் குறைந்தவன் இல்லை. 749-ஐ 867-ஆல் பெருக்கச் சொன்னால் சட்டென்று சரியாகப் போடுகிறான். (நீங்களும் தாளில் ஒருமுறை போட்டுப் பாருங்கள், விடை 6,49,383.) ஆனால் வாசிக்க வரவில்லை. தன் பெயரின் எழுத்துகளையே இடம் மாற்றி ‘பிரெசி’ என்று எழுதினான். இன்னொருமுறை பார் என்று சொன்ன பிறகும் தப்பு அவனுக்குத் தெரியவில்லை. பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரனாக இருப்பான் என்று அவனுடைய வாத்தியார் சொன்னதாக மார்கன் எழுதுகிறார்.

ஆக, இந்தக் குறைபாடு மருத்துவ ஏட்டில் ஏறும்போதே ‘கெட்டிக்காரன், ஆனாலும் வாசிக்க வரவில்லை’ என்ற வடிவத்தில்தான் ஏறியது. பின்னால் வந்த சிக்கல்கள் பலவற்றுக்கும் விதை அந்த ‘ஆனாலும்’தான்.

1963-ல் சிகாகோவில் நடந்த பெற்றோர் கூட்டம் ஒன்றில் சாமுவேல் கிர்க் என்ற கல்வியியலாளர் ‘கற்றல் குறைபாடு’ என்ற பெயரை முன்வைத்தார். 1975-ல் அமெரிக்கா, குறைபாடுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கல்வியை உரிமையாக்கிச் சட்டம் போட்டது. சட்டம் வந்தால் கணக்கு வேண்டும். யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை? 1977-ல் ஒரு வழி சொன்னார்கள். பிள்ளையின் அறிவுத்திறனுக்கும் அதன் பாடத் தேர்ச்சிக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தால் அது கற்றல் குறைபாடு. ஐ.க்யூ. 130, வாசிப்பு சராசரி என்றால் இடைவெளி இருக்கிறது. ஐ.க்யூ. 90, வாசிப்பும் அதற்குப் பக்கத்தில் என்றால் இடைவெளி இல்லை. முதல் பிள்ளைக்கு உதவி கிடைக்கும், இரண்டாவது பிள்ளைக்குக் கிடைக்காது. இத்தனைக்கும் புத்தகத்தைத் திறந்தால் அதிகம் திணறுவது இரண்டாவது பிள்ளைதான்!

இந்த முறையின் கோணல் ஆய்வாளர்களுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. இரண்டு பிள்ளைகளுக்கும் எழுத்தை ஒலியாக மாற்றுவதில் இருக்கும் சிக்கல் ஒரே வகைதான், சொல்லிக்கொடுக்க வேண்டிய விதமும் ஒன்றுதான். 2004-ல் சட்டத்தைத் திருத்தியபோது, மாநிலங்கள் இந்த இடைவெளிக் கணக்கைக் கட்டாயமாக்கக் கூடாது என்று எழுதினார்கள். 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடும் அதைக் கைவிட்டது. ஆனாலும் இடைவெளி என்ற எண்ணம் மக்கள் மனதிலிருந்து போகவில்லை. கெட்டிக்காரப் பிள்ளை என்றால் பரிதாபம் கொஞ்சம் கூடுதலாகத்தான் சுரக்கிறது. அதே பிள்ளை நல்ல மார்க் வாங்கிவிட்டால் சந்தேகமும் கூடுதலாகச் சுரக்கிறது.

ஒரு வரியைப் படித்துப் பாருங்கள்

‘நல்ல மார்க் வாங்குகிறவருக்கு என்ன குறைபாடு?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு சின்ன சோதனை. கீழே இருப்பதை வாய்விட்டுப் படியுங்கள்.

நே ற்றுமா லைம ழைபெ ய்த தால்ஆட் டம்பா தியி லேநின் றுபோ ய்விட் டது.

படித்துவிட்டீர்கள், தப்பும் வந்திருக்காது. ஆனால் எவ்வளவு நேரம் ஆனது, எத்தனை இடத்தில் பின்னால் போய்ச் சேர்த்துப் படித்தீர்கள்? மழையையும் ஆட்டத்தையும் மறந்து எழுத்து கூட்டுவதிலேயே மூளை இருந்திருக்கும். இப்படி எட்டுப் பக்கம் வினாத்தாள், மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்லெக்ஸியா உள்ளவர்களுக்கு எழுத்து இப்படித்தான் தெரிகிறது என்று நான் சொல்லவில்லை. சரியாகப் படிப்பதும் சரளமாகப் படிப்பதும் வேறுவேறு என்று காட்டத்தான் இது. எழுத்துக்கும் ஒலிக்கும் நேரான உறவு இருக்கும் இத்தாலியன், ஜெர்மன், ஃபின்னிஷ் போன்ற மொழிகளில் டிஸ்லெக்ஸியா தப்பாகப் படிப்பதைவிட மெதுவாகப் படிப்பதாகவே அதிகம் வெளிப்படும். ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் தமிழும் அந்தப் பக்கம்தான்.

புத்திசாலிப் பிள்ளை இந்தத் தடையை வேறு வழியில் தாண்டும். பாதிச் சொல்லைப் பார்த்து மீதியை ஊகிக்கும். வகுப்பில் சொன்னதைக் காதாலேயே மனப்பாடம் செய்யும். மற்றவர்கள் ஒரு மணி நேரம் படித்தால் இது மூன்று மணி நேரம் படிக்கும். சின்ன வகுப்புகளில் இது செல்லுபடியாகும், பெரிய வகுப்பில் பாடம் கூடும்போது மூச்சு முட்டும். அதனால்தான் கல்லூரிக்குப் போன பிறகு முதன்முதலாகச் சான்று வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பார்க்கிறவர்களுக்கு அதுதான் சந்தேகத்தைக் கிளப்புகிறது: இத்தனை வருடம் இல்லாத குறைபாடு இப்போது எங்கிருந்து வந்தது?

பாஸ்டனில் ஒரு தூங்குமூஞ்சி

இந்தச் சந்தேகத்துக்குப் பெரிய மேடை போட்டுக் கொடுத்தவர் ஜான் வெஸ்ட்லிங். 1990-களின் நடுவில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் நிர்வாகத்தில் இரண்டாம் இடத்தில் இருந்தவர், 1996-ல் தலைவரானார். கற்றல் குறைபாடுள்ள மாணவர்களுக்கு உதவி செய்வதில் அப்போது அந்தப் பல்கலைக்கழகத்துக்கு நல்ல பெயர். அதற்காகவே அங்கே வந்து சேர்ந்த மாணவர்கள் உண்டு. வெளிநாட்டு மொழிப் பாடத்துக்குப் பதிலாக, அந்த நாட்டின் பண்பாடு பற்றிய பாடம் ஒன்றை மொழிபெயர்ப்பில் படித்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடுகூட அங்கே இருந்தது.

1995-ல் வெஸ்ட்லிங் ஓர் உரையில் ஒரு மாணவியின் கதையைச் சொன்னார். முதல் நாள் வகுப்பு முடிந்ததும் கூச்ச சுபாவமுள்ள பெண் ஒருத்தி அவரிடம் கடிதம் ஒன்றை நீட்டுகிறாள். அவளுக்குக் காதால் கேட்பதை உள்வாங்குவதில் குறைபாடு, ஆகவே விரிவுரைக் குறிப்புகள் தர வேண்டும், முன்வரிசை வேண்டும், தேர்வுக்குக் கூடுதல் நேரமும் தனி அறையும் வேண்டும் என்று கடிதம் கேட்கிறது. அதோடு விடவில்லை. அவள் வகுப்பில் தூங்கிவிடக்கூடும், தூங்கும்போது விட்டுப்போனதைப் பேராசிரியர்தான் பிறகு எடுத்துச் சொல்ல வேண்டுமாம். வெஸ்ட்லிங் அவளுக்கு வைத்த பெயரைத் தமிழில் ‘தூங்குமூஞ்சி சமந்தா’ என்று சொல்லலாம்.

அப்படி ஒரு மாணவியே கிடையாது. பிற்பாடு வழக்கில் சத்தியப் பிரமாணம் செய்து சாட்சி சொன்னபோது, அவளைத் தானே கற்பனையாக உருவாக்கியதாக வெஸ்ட்லிங் ஒப்புக்கொண்டார்.

கதை கற்பனை என்றாலும் நடவடிக்கைகள் நிஜம். மொழிப் பாடத்துக்கு மாற்றுப் பாடம் தருவதை நிறுத்தினார். மாணவர்களின் கோப்புகளை அவருடைய அலுவலகமே வரவழைத்துப் பார்த்தது. அங்கே இருந்த யாருக்கும் இந்தத் துறையில் பயிற்சி இல்லை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறுபடி சோதனை செய்து சான்று கொண்டுவர வேண்டும், சோதிப்பவரின் படிப்பு இன்னின்னதாக இருக்க வேண்டும் என்று விதிகள் வந்தன. பத்து மாணவர்கள் வழக்குப் போட்டார்கள். சட்ட மாணவி எலிசபெத் கக்கன்பெர்கர் பெயர் முதலில் இருந்ததால் ‘கக்கன்பெர்கர் வழக்கு’ என்ற பெயர் நிலைத்தது.

1997 ஆகஸ்டில் நீதிபதி பாட்டி சாரிஸ் கொடுத்த தீர்ப்பை இரண்டு கட்சியும் தங்களுக்குச் சாதகம் என்று சொல்லிக்கொண்டன, அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. திரும்பத் திரும்பச் சோதனை கேட்பது, தகுதியுள்ள பல நிபுணர்களைப் படிப்பைக் காட்டி ஒதுக்குவது போன்றவை சட்டமீறல் என்றார். கற்பனை மாணவியை வைத்துக்கொண்டும் அரைகுறை அபிப்பிராயங்களை வைத்துக்கொண்டும் கொள்கை வகுத்ததைக் கண்டித்தார். ஆறு மாணவர்களுக்கு எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 30,000 டாலர் இழப்பீடு. ஆனால் வெளிநாட்டு மொழியைக் கட்டாயப் பாடமாக வைத்துக்கொள்ள முடியுமா என்ற கேள்வியில் அவர் வேறு வழியில் போனார். அதைத் தலைவர் ஒருவர் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்யக் கூடாது, பேராசிரியர்கள் உட்கார்ந்து ‘இந்தப் பட்டத்துக்கு மொழிப் பாடம் உயிர்நாடியா?’ என்று உண்மையாகவே யோசித்து முடிவெடுக்கட்டும் என்று உத்தரவிட்டார். பேராசிரியர் குழு கூடியது, ஆமாம், உயிர்நாடிதான் என்று காரணத்தோடு எழுதிக் கொடுத்தது. 1998-ல் நீதிபதி அதை ஏற்றுக்கொண்டார். மொழிப் பாடம் நிலைத்தது.

இந்த வழக்கில் எனக்குப் பிடித்த இடம் அதுதான். மாணவர் நடிக்கிறாரா என்ற விசாரணையிலேயே நின்றுவிடாமல், ‘நீங்கள் எதைச் சோதிக்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியுமா?’ என்று கேள்வி பல்கலைக்கழகத்தின் பக்கம் திரும்பியது.

யாரோடு ஒப்பிடுவது?

அதே 1997-ல் இன்னும் இரண்டு தீர்ப்புகள் வந்தன. ஒன்றுக்கொன்று நேரெதிர்.

மேற்கு வர்ஜீனியாவில் மார்ஷல் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மாணவர்கள் மூவர் தேசிய மருத்துவத் தேர்வுக்குக் கூடுதல் நேரம் கேட்டார்கள். நீதிபதி கற்பனையாக இரண்டு மாணவர்களை வைத்து யோசித்தார். ஒருவர் சராசரிப் புத்தி உள்ளவர், குறைபாட்டால் மிகவும் பின்தங்கிவிட்டார். இன்னொருவர் அபார புத்திசாலி, குறைபாட்டால் சராசரி நிலைக்கு இறங்கியிருக்கிறார். சட்டம் பாதுகாப்பது முதலாமவரைத்தான் என்றார் நீதிபதி. சாதாரண மனிதரால் முடிவது உனக்கும் முடிகிறதா, அப்படியானால் நீ சட்டத்தின் கண்ணில் குறைபாடுள்ளவன் இல்லை. மூவருக்கும் கூடுதல் நேரம் கிடைக்கவில்லை.

நியூயார்க்கில் மரிலின் பார்ட்லெட் கல்வி நிர்வாகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், பிறகு சட்டமும் படித்தவர். வழக்கறிஞர் தேர்வைத் திரும்பத் திரும்ப எழுதியும் தேறவில்லை. வாசிப்புக் குறைபாட்டுக்குக் கூடுதல் நேரம் கேட்டால், வாசிப்புச் சோதனையில் உங்கள் மதிப்பெண் அவ்வளவு மோசமில்லை என்று தேர்வு வாரியம் மறுத்தது. அந்தச் சோதனை தனித்தனிச் சொற்களைச் சரியாகப் படிக்கிறாரா என்று பார்ப்பது. எவ்வளவு நேரத்தில் படித்தார் என்று பார்ப்பதே இல்லை. மேலே நீங்கள் படித்த மழை வரியை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த வழக்கை விசாரித்தவர் சோனியா சோட்டோமயோர், பின்னால் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியானவர். தானாகத் தேடிக்கொண்ட குறுக்கு வழிகளால் பார்ட்லெட்டின் மதிப்பெண் உயர்ந்திருக்கிறது, ஆனால் வாசிப்பு சரளமாகவோ வேகமாகவோ இல்லை, ஆகவே இது குறைபாடுதான் என்று தீர்ப்பளித்து இரட்டிப்பு நேரம் தரச் சொன்னார். வழக்கு மேல்நீதிமன்றங்களுக்குப் போய்த் திரும்பி வந்தது. 2001-லும் அவர் பார்ட்லெட் பக்கமே நின்றார்.

2008-ல் அமெரிக்க நாடாளுமன்றம் குறைபாடு என்ற சொல்லுக்கு அகலமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தியது. 2016-ல் வந்த விதிகளோ நேராகவே சொல்லிவிட்டன: படிப்பில் நன்றாகத் தேறியவருக்கும் கற்றல் குறைபாடு இருக்கலாம், முடிவை மட்டும் பார்க்காமல் அந்த முடிவுக்கு அவர் செலவிட்ட நேரத்தையும் உழைப்பையும் பாருங்கள் என்று. சட்டத்தில் அக்கா கட்சி ஜெயித்துவிட்டது.

அத்தான் கட்சிக்கும் கணக்கு இருக்கிறது

அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகக் கணக்குப்படி 2004-ல் கல்லூரி மாணவர்களில் 11 சதவீதம் பேர் தங்களுக்கு ஏதோ ஒரு குறைபாடு இருப்பதாகச் சொன்னார்கள். 2020-ல் அது 21 சதவீதம். எல்லா வகைக் குறைபாடும் இதில் அடக்கம், மனநலப் பிரச்சினைகளின் பங்கு பெரிது. அதனால் இத்தனையும் டிஸ்லெக்ஸியா என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் வளர்ச்சி வளர்ச்சிதான். அறையில் ஐந்தில் ஒருவர் கூடுதல் நேரத்தோடு எழுதினால் மற்ற நால்வருக்கு என்ன தோன்றும்?

அதைவிடக் கனமான குற்றச்சாட்டு பணம் பற்றியது. 2000-ல் கலிஃபோர்னியா மாநிலத் தணிக்கையாளர், கல்லூரிச் சேர்க்கைக்கு எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வைப் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார். கூடுதல் நேரம் பெற்றவர்கள் தேர்வெழுதியோரில் 1.2 சதவீதம்தான். ஆனால் அவர்களில் வெள்ளையர்களும் வசதியான வீட்டுப் பிள்ளைகளும் தனியார் பள்ளி மாணவர்களும் தங்கள் விகிதத்துக்கு மீறி இருந்தார்கள். தகுதி இல்லாத சிலர் கூடுதல் நேரம் பெற்றிருக்கலாம், தேவைப்படும் பலருக்கு அது போய்ச் சேராமலும் இருக்கலாம் என்பது அறிக்கையின் சாரம். முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுகிறவர்கள் நிறைய. சான்று வாங்க உளவியலாளரிடம் போக வேண்டும், அங்கே அதற்கு ஆயிரக்கணக்கான டாலர் ஆகும். மகன் தடுமாறுகிறான் என்று கண்டுபிடிக்கிற பள்ளியும், கண்டுபிடித்ததும் செலவழிக்கிற பெற்றோரும் அமைய வேண்டும். ஏழைப் பிள்ளைக்கு அதே தடுமாற்றம் ‘படிப்பு ஏறாதவன்’ என்ற பட்டமாகப் போய்விடும்.

2019 மார்ச்சில் வெடித்த கல்லூரிச் சேர்க்கை மோசடியைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். தரகர் ரிக் சிங்கர் பணக்காரப் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்த முதல் படி, பிள்ளைக்குக் கற்றல் குறைபாட்டுச் சான்று வாங்குவது. அதன் நோக்கம் கூடுதல் நேரம் மட்டும் இல்லை. கூடுதல் நேரம் கிடைத்தால் பிள்ளை மற்றவர்களோடு உட்காராமல் தனியாக எழுதலாம். அப்புறம் ஏதோ ஒரு காரணம் சொல்லி, சிங்கரின் ஆள் இருக்கும் ஹூஸ்டன் மையத்துக்கோ வெஸ்ட் ஹாலிவுட் மையத்துக்கோ இடம் மாற்றலாம். அங்கே விடைகளைத் திருத்த ஆள் தயார். உண்மையான குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோர் இந்தச் செய்தியைப் படித்து எப்படிக் கொதித்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு போலிச் சான்றும் நூறு நிஜச் சான்றுகள் மேல் சந்தேகத்தைத் தடவிவிட்டுப் போகிறது.

சரி, கூடுதல் நேரம் யாருக்கு உதவும்? எனக்கு ஒன்றரை மடங்கு நேரம் கொடுத்தால் நானும்தான் நன்றாக எழுதுவேன் என்கிறான் பக்கத்து பெஞ்சுப் பையன். ஆய்வுகள் பொதுவாகக் காட்டுவது இதுதான்: நேரம் நெருக்குகிற தேர்வாக இருந்தால் கூடுதல் நேரம் எல்லோருக்குமே கொஞ்சம் உதவும், குறைபாடுள்ளவர்களுக்கு அதைவிட அதிகமாக உதவும். எல்லாருக்கும் உதவுகிறதே என்று ஒரு தரப்பு சொல்லும். அதிகமாக உதவுகிறதே என்று மறுதரப்பு சொல்லும். இரண்டும் உண்மை.

இங்கே நம்மூர்த் தட்டச்சுத் தேர்வை நினைத்துக்கொண்டால் தெளிவு கிடைக்கும். ஹையர் தேர்வின் வேகத் தாளுக்குப் பத்து நிமிடம், நிமிடத்துக்கு 45 சொல். அதில் யாராவது கூடுதல் நேரம் கேட்டால் சிரிப்பார்கள், ஏனென்றால் வேகம்தான் அங்கே பாடம். முதலாம் பானிபட் போருக்குக் காரணம் என்ன என்று கேட்கிற தாளில் வேகம் பாடமா? மூன்று மணி நேரம் என்பது பெரும்பாலும் மண்டபமும் கண்காணிப்பாளரும் கிடைக்கிற நேரம். அதை யாரும் வரலாற்று அறிவின் அளவுகோலாக நினைத்து நிர்ணயிக்கவில்லை. தேர்வு நடத்துபவர், ‘இந்தத் தாளில் நான் வேகத்தைச் சோதிக்கிறேன்’ என்று சொல்லத் தயாராக இருந்தால் கூடுதல் நேரத்தை மறுக்கலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. சொல்லத் தயாரில்லை என்றால் எல்லோருக்குமே நேரத்தைத் தளர்த்துவதுதான் மலிவான வழி. 2024 முதல் அமெரிக்காவில் கணினி வழியாக நடக்கும் எஸ்.ஏ.டி. தேர்வில் 134 நிமிடத்துக்கு 98 கேள்விகள். முன்பு 180 நிமிடத்துக்கு 154. கேள்விக்கு 70 வினாடியாக இருந்தது 82 ஆகியிருக்கிறது. சண்டையைத் தீர்ப்பதற்காகச் செய்த மாற்றமில்லை இது, ஆனாலும் நேரத்தைத் தளர்த்துவது நடக்காத காரியம் ஒன்றுமில்லை என்று காட்டுகிறது.

‘சலுகை’ என்ற சொல்

தமிழில் இந்த ஏற்பாடுகளையெல்லாம் ‘சலுகை’ என்கிறோம். பேருந்தில் சலுகைக் கட்டணம், ஆடித் தள்ளுபடியில் சலுகை விலை. அந்தச் சொல்லிலேயே, கொடுப்பவர் மனம் வைத்துக் கொடுக்கிறார், வாங்குபவர் கொஞ்சம் கூச வேண்டும் என்ற தொனி ஒட்டிக்கொண்டிருக்கிறது. சட்டத்தின் சொல்லைத் தமிழாக்கினால் ‘நியாயமான ஏற்பாடு’ என்று வரும். கண்ணாடி போட்டுக்கொண்டு தேர்வெழுதுவதை யாரும் சலுகை என்பதில்லை.

அந்தச் சொல் இந்தியச் சட்டத்திலும் இருக்கிறது. 1995-ல் வந்த பழைய சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டும் பட்டியலிட்டது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியபோதுதான் கற்றல் குறைபாடு உள்ளே வந்தது. பல உதவிகளுக்கு 40 சதவீதம் என்ற எல்லைக்கோடு வைத்திருக்கிறார்கள். வாசிப்புத் தடுமாற்றத்தைச் சதவீதத்தில் அளப்பது எப்படி என்று கேட்டால், நிபுணர்களே நெற்றியைத் தேய்ப்பார்கள்.

இந்தக் கோட்டின் மேல் மோதியவர் விகாஷ் குமார். மருத்துவம் படித்து முடித்தவர், கை இழுத்துக்கொள்வதால் வேகமாக எழுத முடியாதவர். குடிமைப் பணித் தேர்வில் ‘சொல்வதை எழுதுபவர்’ வேண்டும் என்று கேட்டார். எல்லைக்கோட்டை எட்டவில்லை என்று மறுத்தார்கள். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், 40 சதவீதம் என்பது இடஒதுக்கீடு போன்றவற்றுக்கான கணக்கு, எழுதுபவரை வைத்துக்கொள்வதற்கு அதைக் கேட்கக் கூடாது என்றது. மருத்துவர் ஒருவருக்கு எழுதித் தர ஆள் எதற்கு என்று நம் அத்தான்கள் கேட்பார்கள். அவர் மருத்துவர் ஆனது கை ஒத்துழைத்ததால் இல்லை.

அதே வருடம் நவம்பரில் வந்த அவ்னி பிரகாஷ் வழக்கு இன்னும் வேதனையானது. டிஸ்கிராஃபியா உள்ள மாணவி, 40 சதவீதச் சான்றும் கையில் இருந்தது. ஆனாலும் நீட் தேர்வு மையத்தில், அவருக்குச் சேர வேண்டிய ஒரு மணி நேரக் கூடுதலைத் தராமல் விடைத்தாளை வாங்கிவிட்டார்கள். அவருக்கு அநியாயம் நடந்தது என்று உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது, மறுதேர்வுக்கு உத்தரவிடவில்லை. வேறு எப்படி ஈடுசெய்யலாம் என்று தேர்வு முகமையையே யோசிக்கச் சொன்னது. போலிச் சான்றுகளைப் பற்றி நாம் பேசுகிற அளவுக்கு, சரியான சான்றோடு போயும் வெறுங்கையோடு திரும்புகிறவர்களைப் பற்றிப் பேசுவதில்லை.

தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வுகளில் டிஸ்லெக்ஸியா சான்று உள்ளவர்களுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு ஆகியவை உண்டு. முன்கூட்டியே பள்ளி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். அக்கா மகனுக்கும் அப்படித்தான் விண்ணப்பித்தோம். அத்தான் கடைசியில் சம்மதித்தார், ஆனால் ஒரு சந்தேகம் மட்டும் அவரை விடவில்லை. “நாளைக்கு இவன் பேருக்குப் பக்கத்துல ஏதாவது குறி போட்டுருவாங்களா?” அவர் கேட்டது வீண் பயம் இல்லை. அமெரிக்காவில் கூடுதல் நேரத்தோடு எஸ்.ஏ.டி. எழுதியவர்களின் மதிப்பெண் அறிக்கையில் அதைக் காட்டும் குறிப்பு ஒன்று இருந்தது. கல்லூரிகள் பார்த்தவுடன் புரிந்துகொள்ளும். வழக்கு ஒன்றின் விளைவாக 2003-ல்தான் அதை நிறுத்தினார்கள். குறிப்பு போனதால் விண்ணப்பங்கள் கூடிவிட்டன என்று குறை சொல்பவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள்.

எழுதுபவரும் வேண்டாம், தமிழிலிருந்து விலக்கும் வேண்டாம், நேரம் மட்டும் போதும் என்றான் பையன். சமூக அறிவியல் தேர்வில் அந்தக் கூடுதல் ஒரு மணியில் நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டானாம். ‘வேற்றுமை’யை இப்போதும் இரண்டு விதமாகத்தான் எழுதுகிறான்.